கோட்டில் சேராத புள்ளி

அந்தப் புள்ளி குளத்துக்குள் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையின் நடுவில் சின்னக் கட்டம் ஒன்று வந்து நின்று, நீக்கவா வேண்டாமா என்று கேட்கிறது. அதற்கு அவசரமில்லை, நான் எதையாவது அழுத்தும்வரை நின்றுகொண்டே இருக்கும், அவசரம் எனக்குத்தான். கட்டத்துக்குப் பின்னால் வானத்திலிருந்து எடுத்த படம், வெளிறிய பச்சையில் வயல்கள், நடுவில் கரும்பச்சையாக ஒரு குளம், குளத்தின் கீழ்க்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் சிவப்புப் புள்ளி. குழாய்ப் பாதை வடக்கே எங்கேயோ நீலக் கோடாகப் போகிறது, இவ்வளவு தூரத்தில் இருக்கிற புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்க முடியாது. விதி தெளிவானது, இம்மானுவேல் சார் சேர்ந்த முதல் நாளே சொன்னார். எண்ணெய்க் குழாய், எரிவாயுக் குழாய் எங்கெங்கே கசிந்தது, எங்கே தீப்பிடித்தது, எங்கே தோண்டும்போது உடைந்தது என்று பல வருடமாக வந்த புகார்களை எல்லாம் துறையிலிருந்து கொடுப்பார்கள். நாங்கள் ஒவ்வொன்றையும் புள்ளியாக்கி, வரைபடத்தில் ஏற்றுகிற மாதிரி சுத்தம் செய்து தர வேண்டும். நாளைக்கு ஒருவன் பள்ளம் தோண்டுவதற்கு முன் செல்போனில் தட்டினால் அந்த இடத்தின் கதை தெரிய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். புள்ளி கோட்டுக்கு அருகில் விழுந்தால் சரி. தள்ளி விழுந்தால் எங்கே தப்பு என்று பார், திருத்த முடிந்தால் திருத்து, முடியாவிட்டால் நீக்கு. "மேப் சுத்தமா இருக்கணும், செண்பகவல்லி. ஒரு புள்ளி அசிங்கமா நின்னா மத்த புள்ளி எதையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்." அது நியாயம்தான். எனக்கும் சுத்தம் பிடிக்கும். மூன்றரை மணிக் கூட்டத்தில் கோப்பைத் துறை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி. ஒரு தட்டு தட்டினால் போய்விடும். யாரும் கேட்கப்போவதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

தப்பான புள்ளிகளை எனக்குத் தெரியும், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முகம் உண்டு. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் நம் டெல்டாவில் நடந்த கசிவு நேராக வட துருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் போய் விழும். முதல் வாரம் அப்படி ஒன்றைப் பார்த்துப் பதறிப்போய்ப் பக்கத்து சீட் பர்வீனைக் கூப்பிட்டேன், அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "கரடி வீட்டுல கேஸ் லீக்காம்டி, போன் போட்டு ஜன்னலத் தொறந்து வைக்கச் சொல்லு" என்றாள். இரண்டு எண்ணையும் எழுதாமல் விட்டால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடல், அங்கே உலகத்தில் எல்லா அலுவலகங்களின் சோம்பேறித்தனமும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. கலை என்று சொல்கிற, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைத் தசமமாக எழுதிவிட்டால் புள்ளி இரண்டு ஊர் தள்ளிப் போய் யாருடைய மொட்டை மாடியிலாவது உட்கார்ந்துகொள்ளும். அதைக் கணக்குப் போட்டுத் திருப்பி இழுத்தால் அப்படியே கோட்டில் வந்து ஒட்டும், அந்த ஒட்டுகிற கணம் எனக்குப் பிடிக்கும், சட்டைத் துளைக்குள் பொத்தான் நுழைகிற மாதிரி. குளத்துப் புள்ளிக்கு எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மாற்றிப் போட்டேன், கலையாக்கினேன், கடைசி இரண்டு எண்ணைத் திருப்பினேன், ஏழை ஒன்றாகவும் ஒன்றை ஏழாகவும் படித்தேன். கோட்டுக்கு வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வேறெங்கோ போய்விட்டு, விட்டதும் குளத்துக்கே திரும்பி வருகிறது, வீடு தெரிந்த நாய் மாதிரி. புகார் எழுதிய பகுதியில் இருப்பது இவ்வளவுதான்: ஆலவெளி கிராமம், கீழ்ச்சேத்தி, குளத்துத் தண்ணீரில் எண்ணெய் மினுங்குகிறது, நாற்றம், மாடு வாய் வைக்கவில்லை. மாடு வாய் வைக்கவில்லை என்று யார் எழுதச் சொன்னார்கள். அந்தக் கட்டத்தில் கசிவின் அளவைத்தான் எழுத வேண்டும். அளவுக்குப் பதிலாக மாட்டை எழுதியிருக்கிறார்கள். மாடு குனிந்து, மூக்கைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தலையைத் தூக்கியிருக்கும். அது பொய் சொல்லாது, அதற்குக் கோடு தெரியாது.

அம்மாவுக்கு இப்போது அந்த மூக்கு இல்லை. எல்லாருக்கும் வந்த அந்தப் பெரிய காய்ச்சல் வந்து போனதிலிருந்து வாசனை தெரியவில்லை, மற்றவர்களுக்கெல்லாம் திரும்பி வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. கோவில்பட்டியில் அப்பா மில்லுக்குப் போய்விட்டால் வீட்டில் அவள் மட்டும்தான், அவளும் சிலிண்டரும். எனக்கு இந்த வேலை கிடைத்துத் திருச்சிக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான் கவனித்தேன், பால் தீய்ந்து வீடே கருகல் நாற்றம், அம்மா பக்கத்தில் நின்று பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ரெகுலேட்டரை மூடியதும் துணி காயப்போடுகிற சிவப்புக் கிளிப் ஒன்றை அதில் மாட்டிவிடுவாள், கிளிப் இருந்தால் மூடியிருக்கிறது, கிளிப் கொடியில் இருந்தால் திறந்திருக்கிறது. வேலை முடிந்ததும் நான் போன் செய்கிறேன். "கிளிப் மாட்டியாச்சாம்மா?" "மாட்டியாச்சுட்டி. ஒனக்கு வேற பேச்சே கிடையாதா? சாப்டியான்னு கேளு, மேலுக்கு எப்படி இருக்குன்னு கேளு. கிளிப்பு கிளிப்புன்னு." ஆனால் கிளிப்பை மாட்டிவிட்டு ரெகுலேட்டரை மூட மறந்திருந்தால்? கை பழக்கத்தில் கிளிப்பை மட்டும் மாட்டியிருந்தால்? அப்போது கிளிப் பொய் சொல்லும், அம்மா கிளிப்பை நம்பித் தூங்கப் போவாள். கிளிப் இருக்கிறது என்பதற்கும் வாயு இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, நான் வேலை செய்வதே அந்த இடைவெளியில்தான் என்று சில நாள் தோன்றும். வரைபடத்தில் புள்ளி இல்லை என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று படிப்பார்கள். எல்லாரும் அப்படித்தான் படிப்பார்கள், நானும்தான், புது இடத்தில் சாப்பாட்டுக் கடை தேடும்போது. கட்டம் இன்னும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கீழே பேக்கரியில் பன் சுட ஆரம்பித்துவிட்டார்கள், வெண்ணெய் வாசனை படியேறி வருகிறது, அது வந்தால் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

பர்வீனிடம் காட்டினேன். "கோட்டுல இருந்து இவ்ளோ தூரமா? தூக்கிப் போடு." "மாடு தண்ணி குடிக்கலையாம்." "மாட்டுக்கு ஒடம்பு சரியில்லாம இருக்கும். எவனோ டீசல் மோட்டார் வச்சு எறைச்சிருப்பான், எண்ணெய் சிந்தியிருக்கும். ஒனக்கு ஏன்டி இவ்ளோ பாசம், ஒரு புள்ளி மேல?" அதுவும் சரி. டீசல் மோட்டாராக இருக்கலாம். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம். இம்மானுவேல் சார் தன் அறையில் போனில் சிரித்துக்கொண்டிருக்கிறார், கதவு பாதி திறந்திருக்கிறது, எழுந்து போய்க் கேட்டுவிடலாம், பதினைந்து அடி கூட இருக்காது, ஆனால் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் நான் சொல்ல வேண்டிய வாக்கியம் மூன்று முறை மாறி, கடைசியில் ஒன்றுமில்லை சார் என்று திரும்பி வருவேன், அதை ஏற்கனவே செய்திருக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன், ஒரு அட்டவணையில் வருடம் மாறியிருந்தது, அதைச் சொன்னேன். பேசி முடித்ததும் சார், "செண்பகவல்லி, மைக்க ஆன் பண்ணிட்டுப் பேசுங்க" என்றார். மைக் ஆனில்தான் இருந்தது. என் குரல்தான் அப்படி. பர்வீன் மேசைக்கடியில் என் காலை மிதித்துச் சிரிப்பை அடக்கினாள், நானும் சிரித்தேன், அப்புறம் பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று அவர்தான் எழுதப் போகிறார். சுறுசுறுப்பு, சொன்னதைச் செய்வது என்று என்னென்னவோ தலைப்புகள் இருக்குமாம், பர்வீன் சொன்னாள். சொன்னதைச் செய்வது. நீக்கு என்று சொன்னதை நீக்குவது. குளத்தில் இருக்கிற ஒரு புள்ளிக்காகவா. அழுத்திவிட்டு ஒரு பன் வாங்கித் தின்னலாம்.

அழுத்தவில்லை. அழுத்துவதற்குப் பதிலாக, கட்டத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, ஏற்கனவே நீக்கியவற்றைத் திறந்து பார்த்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற மாதிரிதான். நீக்கிய புள்ளிகள் உடனே அழிந்துவிடுவதில்லை, சாம்பல் நிறத்தில் தனியாக ஒரு லேயரில் கிடக்கும், கோப்பை ஒப்படைக்கும்போதுதான் மொத்தமாகப் போகும். எனக்கு முன்னால் இந்த சீட்டில் இருந்தவர்கள் நீக்கியது, பர்வீன் நீக்கியது, நான் நீக்கியது, எல்லாம் அதில் இருக்கிறது. பனிக்கடலில் கொஞ்சம், ஆப்பிரிக்கக் கடலில் கொஞ்சம், மொட்டை மாடிகள். பார்த்துவிட்டு மூடப்போனேன். ஆலவெளிக்குத் தெற்கே வயலில் ஒரு சாம்பல் புள்ளி. மினுங்கல் என்றில்லை, வேறு புகார்: நாற்று ஒரு பட்டையாகக் கருகிவிட்டது. வேறு வருடம், வேறு ஆள். குளத்துக்கு வடக்கே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இன்னொன்று, கைப்பம்புத் தண்ணீரில் மண்ணெண்ணெய் நாற்றம். அதற்கும் வடக்கே, நீலக் கோட்டுக்கு வருவதற்குச் சற்று முன்னால், மண்ணில் குமிழி. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர், ஒவ்வொரு சமயத்தில், கோட்டில் இல்லை என்று நீக்கியிருக்கிறோம். நடுவில் இருந்ததை நீக்கியது நான்தான். திரையில் அளக்கிற கருவியை எடுத்தேன், தெற்குப் புள்ளியில் வைத்து வடக்கே இழுத்தேன், கோடு ஒவ்வொரு புள்ளியின் மேலேயும் ஏறிக்கொண்டே போனது, குளத்துப் புள்ளியின் மேலேயும் ஏறியது. உடனே வேண்டாம் என்று தோன்றியது. ரோடாக இருக்கும், ரோட்டோரத்து ஆட்கள்தானே புகார் எழுதுவார்கள், அதனால் புள்ளிகள் ரோட்டோடு வரிசையாக விழும், அதுதான். படத்தைப் பெரிதாக்கினேன். ரோடு இல்லை. வாய்க்கால் இல்லை. வாய்க்காலும் வரப்பும் அந்த ஊரில் வளைந்து வளைந்துதான் போகின்றன. வயலுக்கும் குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மரியாதை கொடுக்காமல் நேராகப் போகிறது ஒன்றுதான், மண்ணுக்கு அடியில் போட்டது. துறை கொடுத்த பாதைக் கோப்பின் பெயரைப் போய்ப் பார்த்தேன், தினமும் திறக்கிற கோப்பு, பெயரைப் படித்ததே இல்லை: நடப்பில் உள்ள குழாய்கள். நடப்பில் உள்ளவை. யாரும் ஏமாற்றவில்லை, தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நடப்பில் இல்லாதவற்றை நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் தரவில்லை. எண்ணெய்க் கிணறு வற்றியதும் குழாயைத் தோண்டி எடுத்துக்கொண்டா போவார்கள், மூடிவிட்டுப் போயிருப்பார்கள், உள்ளே மிச்சம் இருப்பது இருக்கும். புள்ளி தப்பில்லை. கோடுதான் இல்லை. இத்தனை நாளும் கோட்டை வைத்துப் புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

அட்டவணையில் குளத்துப் புள்ளிக்கு நேராக ஒரு போன் நம்பர் இருந்தது. புகார் கொடுத்தவர்களின் பெயரும் நம்பரும் இருக்கிற பத்திகளைக் கடைசியாக அழித்துவிட்டுத்தான் கோப்பைக் கொடுக்க வேண்டும், அவர்களுடைய நம்பர் ஊருக்கெல்லாம் தெரியக் கூடாது, அதுவும் நியாயம்தான், எல்லாமே நியாயமாக இருக்கிறது. தையநாயகி, பெட்டிக்கடை, குளத்துக் கீழ்க்கரை. எனக்குப் போன் பேச வராது. ரீசார்ஜ் கடைக்காரரிடம் பேசுவதற்குக்கூடச் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வேன். வணக்கம், நான் திருச்சியிலிருந்து பேசுகிறேன், என்று எழுதினேன், அடித்தேன், தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். படியில் பன் வாசனை தலையைச் சுற்றுகிற மாதிரி நின்றது. எடுக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "யாரு?" தாளில் இருந்தது மறந்துவிட்டது. "அக்கா, நீங்க கொளத்துத் தண்ணியப் பத்தி ஒரு புகார் குடுத்திருந்தீங்களே, எண்ணெய் மினுங்குதுன்னு." "அடிப்பாவி, இப்பதான் கேக்குறீங்களா? அந்த மாடே கன்னு போட்டு, கன்னும் வளந்து பால் குடுக்குது." பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம், கண்ணாடி டம்ளர் உரசுகிற சத்தம். "இப்பவும் நாறுதாக்கா?" "அது எப்பவும் உள்ளதுதான் பாப்பா. மழ பேஞ்சா கூடும், காஞ்சா கொறையும். மூக்கு பழகிருச்சு. நீ ஆபீசரா?" "இல்லக்கா. நான்... மேப்புல புள்ளி வைக்கிறவ." "என்ன வைக்கிறவ?" சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்டேன். சும்மா கேட்டேன் என்று வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், அப்போது அவளே சொன்னாள், "கொளத்துத் தண்ணி இனிமே யாருக்கு வேணும், அதான் குடிதண்ணிக் கொழா வருதே. ஜேசிபி வந்து வெட்டிக்கிட்டிருக்குல்ல, காலையிலேருந்து." எங்கேயிருந்து எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், கடைக்கு அந்தாண்ட கரை வரைக்கும் வந்தாயிற்று, டீ குடித்துவிட்டுக் கரையை வெட்டப் போகிறார்கள். இப்போது இவள் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் காதில் கேட்கிற சிரிப்பு அவர்களுடையது. "அக்கா, அந்தக் கரையில வெட்டக் கூடாதுக்கா. அடியில பழைய கொழா ஒண்ணு இருக்கும்போல. எண்ணெய்க் கொழா."  அவள் குரல் தாழ்ந்தது, போனைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறாள் போல. "இருக்கும்போலன்னா? இருக்கா, இல்லியா?" "இருக்குக்கா," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான்கு புள்ளிகளை வைத்துக்கொண்டு. "நாஞ் சொன்னா மிஷின்காரன் கேப்பானா? டீக்காரி சொன்னான்னு நிறுத்துனா அவன் காண்ட்ராக்டரு அவனத் தின்னுருவான். நீ பெரிய ஆளு யாரையாவது பேசச் சொல்லு. இப்பயே சொல்லு." "சொல்றேன்க்கா. அதுவரைக்கும் அவங்களப் போகவிடாதீங்க. டீய மெதுவாப் போடுங்க." "குடிச்சு முடிக்கப் போறானுவ." "இன்னொன்னு போடுங்கக்கா." சொல்லிவிட்டு, நினைவு வந்து, அடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "கடையிலதான், வேறெங்க?" கரைக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்க வாய் வரவில்லை. அவள் போனை வைக்காமலேயே யாரையோ பார்த்துச் சத்தம் போட்டாள், "ஒக்காருங்கய்யா, எங்க ஓடுறிய, மசால் வடை போட்டுக்கிட்டிருக்கேன்ல!"

கூட்டம் ஆரம்பித்துவிட்டது. காதில் ஹெட்செட்டை மாட்டும்போது இம்மானுவேல் சார் முதல் வாக்கியத்தில் இருந்தார், துறை அதிகாரி கனகசபை சாரின் முகம் திரையின் மூலைக் கட்டத்தில், பின்னால் இரும்பு அலமாரி, மின்விசிறியில் அவருடைய காலண்டர் படபடக்கிறது. முதலில் வாழ்த்து, பிறகு போன மாத வேலை, பிறகு தாமதத்துக்கு வருத்தம். நான் காத்திருக்கிறேன். எதற்குக் காத்திருக்கிறேன், இடைவெளிக்கு. யாராவது மூச்சு விட்டால் அந்த இடத்தில் நுழையலாம் என்று நிற்கிறேன், பஸ் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஏறுவதற்கு ஓடுகிற மாதிரி, கம்பியைப் பிடிக்கப் போகிறேன், கம்பி தள்ளிப் போகிறது. வடை எவ்வளவு நேரத்தில் வேகும். எண்ணெய் காய்ந்திருந்தால் உடனே வெந்துவிடும், காய்ந்திருக்கக் கூடாது. ஆனால் கொதிக்கிற எண்ணெய், எரிகிற அடுப்பு, அதை எரியவிடச் சொன்னது நான்தானே, அங்கேயே உட்காரச் சொன்னது நான்தானே. டீசல் மோட்டாராக இருந்தால்? ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு ஊரின் குடிதண்ணீரை நிறுத்தினவள் ஆவேன். இருந்தால்? சிரித்தார்களே, அதில் ஒரு சிரிப்பு இருமலில் முடிந்தது. "வெலகி நின்ன புள்ளியெல்லாம் எடுத்தாச்சு சார், இப்ப நீங்க பாக்குறது சுத்தமான ஃபைல்," என்கிறார் இம்மானுவேல் சார். "எடுத்தாச்சுல்ல, செண்பகவல்லி?" என் பெயர். ஆமாம் சார் என்றால் போதும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. "இல்ல சார்," என்றேன். "மைக் ஆஃப்ல இருக்கு போல," என்றார். பர்வீன் என் பக்கம் திரும்பினாள், இந்தத் தடவை சிரிக்கவில்லை, என் முகத்தில் என்ன பார்த்தாளோ, என் மைக்கைக் கையால் வாய்க்குப் பக்கத்தில் இழுத்துவிட்டாள். "மைக் ஆன்லதான் இருக்கு சார்! எடுக்கல சார்!" என் குரல் அறை முழுக்கக் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் இம்மானுவேல் சாரின் நிஜக் குரலும் காதுக்குள் கருவிக் குரலும் ஒன்றாக நின்றன. நான் திரையைக் காட்டினேன். பேசத் தெரியாவிட்டாலும் காட்டத் தெரியும். சாம்பல் புள்ளிகளை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சிவப்பாக மாற்றினேன், அம்மாவின் கிளிப்பின் சிவப்பு. தெற்கிலிருந்து வடக்கே கோட்டை இழுத்தேன்.  கனகசபை சார் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். "அங்க நமக்கு லைனே இல்லயேம்மா. லைன் இல்லாத எடத்துல எப்படிக் கசியும்?" "நீங்க குடுத்தது நடப்புல உள்ளது மட்டும் சார். நடப்புல இல்லாதது மண்ணுக்குள்ளதானே சார் இருக்கும்." அடுத்ததைச் சொல்லாமல் இதைச் சொல்லிப் பயனில்லை. "இப்ப அந்தக் கரையில ஜேசிபி நிக்குது சார். டீ குடிக்கிறாங்க. முடிஞ்சதும் வெட்டப் போறாங்க." "யார் சொன்னது?" "போன் பண்ணுனேன் சார்." "யாருக்கு?" இது இம்மானுவேல் சார். "அழிக்கச் சொன்ன நம்பருக்கு, சார்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாதது மாதக் கடைசி வரைக்கும் நீளும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொள்ளக்கூட நேரமில்லை. கனகசபை சார் திரும்பி, அலமாரிப் பக்கம் யாரிடமோ, "ஏப்பா, ஆலவெளிப் பக்கம் ரொம்ப முன்னாடி ஒரு கெணறு இருந்துச்சே, நான் வர்றதுக்கு முந்தி மூடுனது," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு அவர் சத்தம் நின்றது, மைக்கை அணைத்துவிட்டார், காலண்டருக்கு முன்னால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வாய் மட்டும் அசைகிறது. யாரோடு பேசுகிறார், நிறுத்து என்கிறாரா, பார் என்கிறாரா, இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது என்கிறாரா. நான் கூட்டத்திலிருக்கும்போதே என் போனை எடுத்துக் கடைசி நம்பரை அழுத்தினேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். போய்க்கொண்டே இருந்தது. குளத்துக் கரையில் ஒரு பெட்டிக்கடையில் வடைச்சட்டிக்குப் பக்கத்தில் அது ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒலிக்கிற வரைக்கும் கடை இருக்கிறது என்று நினைத்தேன், ஒலிக்கட்டும். நின்றுவிடப்போகிற நேரத்தில் எடுத்தாள். அவள் பேசுவதற்கு முன்னால் நான் பின்னால் இருக்கிற சத்தத்தைத்தான் கேட்டேன், இயந்திரம் ஓடுகிறதா என்று, காதை அழுத்திக்கொண்டு. காக்கை கத்தியது. எண்ணெய் பொரிகிற சத்தம் இல்லை. வேறு எதுவும் இல்லை. "பாப்பா," என்றாள், மெதுவாக, பக்கத்தில் யாரும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி. "மேஸ்திரிக்கு யாரோ போன் பண்ணியிருக்காங்க. சார் சார்ங்கிறான். மிஷின்காரன் சாவிய உருவிக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். நான் அடுப்ப அணைச்சுட்டேன். எல்லார் டீயும் ஆறிக் கெடக்கு." போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே மவுஸைப் பிடித்தேன். திரையில் அந்தச் சின்னக் கட்டம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்பதை அழுத்தினேன்.